சொல்லின் அளவறிந்த கலைஞர்

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்துப் பேசுவது நம் மரபு. அவ்வாறு பேசிப் பேசி, மூன்றும் தனித்தனித் துறைகள் என்றே எண்ணப் பழகிவிட்டோம். மூன்றுக்கும் மூலப்பொருள் ஒன்றே, அது சொல். ஏட்டில் அமைந்திருக்கையில் அஃது இயல். பண்ணோடு கூடுகையில் இசை. மெய்ப்பாட்டோடு கூடி ஓர் உடலிற் குடியேறுகையில் நாடகம். ஒரே சொல்லை இம் மூன்று நிலைகளிலும் அளவறிந்து ஆண்டவர் எந்த மொழியிலும் மிகச் சிலரே. வங்க மொழியில் அண்மைக் காலத்தில் அவ்வாறு வாழ்ந்து மறைந்தவர் சௌமித்ர சட்டர்ஜி.

2020ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் கொல்கத்தாவில் அவர் மறைந்தபோது வயது 85. சத்யஜித் ரேயின் நாயகன் என்றே அவரை உலகம் அறியும். ரே இயக்கிய கதைப் படங்களுள் 14 படங்களில் நடித்தவர் என்பதால் அவ்வாறு அறிவதில் தவறில்லை. ஆயினும், திரைப்பட நடிகர் ஒருவர் ஓய்வு நேரத்தில் நாடகமும் ஆடினார், கவிதையும் படித்தார் என்று அவர் வாழ்வை வரிசைப்படுத்துவது, வேரை மறந்து கனியை மட்டும் எண்ணுவதாகும். நாடகமும் கவிதையும் வானொலியும் அவருக்குத் திரைக்கு முன்பே வாய்த்தவை. திரை அவற்றின்மேல் எழுந்த மாடம். இக் கருத்தைக் கொண்டு அவர் கலைவாழ்வை மீண்டும் ஒரு முறை படித்துப் பார்ப்பதே இக் கட்டுரையின் நோக்கம்.

விதை விழுந்த நிலம்

சௌமித்ர 1935ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் நாள் பிறந்தார். இளமையைக் கழித்தது நதியா மாவட்டத்துக் கிருஷ்ணநகரில். வங்க நாடகாசிரியர் துவிஜேந்திரலால் ராயைத் தந்த ஊர் அது. தெருவுக்குத் தெரு அமெச்சூர் நாடகக் குழுக்கள் தழைத்த ஊர். பாட்டனார் அத்தகைய குழுவொன்றின் தலைவர். தந்தையார் வழக்குரைஞர், நாடக ஆர்வலர். பின்னர்க் கல்கத்தாவில் சிட்டி கல்லூரியில் வங்க இலக்கியம் பயின்றார். நடிப்பின் அரிச்சுவடியை அகீந்திர சௌதுரியிடம் கற்றார். ஆனால், நடிப்பே தம் வாழ்வு என்று அவரை உறுதி கொள்ளச் செய்தவர் சிசிர் குமார் பாதுரி.

பாதுரியைப் பற்றித் தமிழர் ஓரளவேனும் அறிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர், அப் பதவியை உதறிவிட்டு மேடை ஏறினார். கற்றோர் நாடகத்தைக் கீழாக எண்ணிய காலத்தில், கற்றவர் ஒருவர் முழுநேர நடிகரானது வங்கத்தில் ஒரு திருப்பமாயிற்று. 1930இல் தம் குழுவை நியூயார்க் வரை அழைத்துச் சென்றார். 1942இல் அவர் தொடங்கிய அரங்கின் பெயர், நமக்கு வியப்பூட்டும் வகையில், ‘ஸ்ரீரங்கம்’. திருவரங்கத்துப் பெருமானை நினைந்து இட்ட பெயரன்று. அரங்கம் என்ற சொல்லுக்கு மங்கல அடை சேர்த்த பெயர். காவிரிக் கரையில் கோயிலான சொல், கங்கைக் கரையில் நாடகக் கொட்டகையானது. அவ் அரங்கு 1956இல் பாதுரியின் கையை விட்டுப் போயிற்று. அரங்கை இழந்த அந்த முதியவரைத் தேடிச் சென்று பழகிய இளைஞர்களுள் ஒருவர் சௌமித்ர. மேடையில் இருந்த பாதுரியைக் கண்டு வியந்தவர் பலர். மேடையை இழந்த பாதுரியிடம் பாடம் கேட்டவர் சிலரே. வரியின் பொருளைத் தெளிந்த பின்னரே வாயைத் திறத்தல் வேண்டும் என்னும் ஒழுக்கம், பேராசிரியராய் இருந்த அந்த ஆசானின் மரபிலிருந்து வந்தது எனலாம்.

படிப்பு முடிந்தபின் கிடைத்த வேலை, கல்கத்தா வானொலியில் அறிவிப்பாளர் பணி. இதனைப் பிழைப்புக்கு வந்த வேலை என்று ஒதுக்கிவிடுவர் வரலாறு எழுதுவோர். அவ்வாறு ஒதுக்குதற்கில்லை. மேடை நடிகன் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவனுக்கும் கேட்கப் பேசக் கற்றவன். ஒலிவாங்கியோ நடிகனின் உதட்டுக்கு ஒரு சாண் தொலைவில் இருப்பது. முழக்கம் அதற்கு ஆகாது. மூச்சுக்கூட அதற்குப் பெரிய ஓசை. ஆயிரம் பேருக்கு எட்டும் குரலை ஒருவர் காதளவுக்குச் சுருக்கக் கற்பது எளிதன்று. மேடை, வானொலி ஆகிய இரண்டு பள்ளிகளிலும் தேறிய பின்னரே சௌமித்ர மூன்றாம் பள்ளியாகிய திரைக்குச் சென்றார். அங்கே கேட்பவர் அருகில் இருப்பது மட்டுமன்று. பேசாத சொல்லையும் கண்டுகொள்வர்.

அபு முதல் அமல் வரை

ரேயின் இரண்டாம் படமாகிய ‘அபராஜிதோ’வுக்கு அபு வேடத்திற்கு ஆள் தேடியபோதே சௌமித்ர அவர் கண்ணிற் பட்டார். அப் படத்தின் பள்ளிச் சிறுவனுக்கு இவர் வயதும் உயரமும் மிகுதி. வேறொருவர் நடித்தார். ஆனால் ரே மறக்கவில்லை. பின்னர் ‘ஜல்சாகர்’ படப்பிடிப்பைக் காணச் சென்ற இளைஞரை, மூத்த நடிகர் சபி பிஸ்வாசிடம் தம் அடுத்த படத்தின் அபு இவர்தாம் என்று ரே அறிமுகம் செய்துவைத்தார். அதுவரை அச் செய்தியை அந்த இளைஞரே அறியார்.

‘அபுர் சன்சார்’ 1959ஆம் ஆண்டு மே முதல் நாள் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூன் இறுதியில் சிசிர் பாதுரி காலமானார். ஒரு மரபு ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறிய ஆண்டென அதனைக் கொள்ளலாம்.

அப் படத்தின் முற்பகுதியில் அபு ஓயாது பேசுபவன். நண்பன் புலுவுடன் நள்ளிரவில் நடந்துகொண்டே கவிதை முழங்குகிறான். தான் எழுதவிருக்கும் நாவலின் கதையை, கிராமத்துச் சிறுவன் ஒருவன் நகரத்துக்கு வந்து வறுமையிற் கிடந்தும் வாழ்க்கையை வெறுக்காத கதையை, மூச்சு விடாமல் சொல்கிறான். அந்தக் கதை அவன் கதையே. இக் காட்சியில் சௌமித்ரவின் குரலில் மேடைப் பயிற்சியின் வீச்சு உண்டு. ஆனால் அது நடிகரின் வீச்சாகத் தோன்றாது. இலக்கியம் படித்துத் தலை கிறங்கிய இளைஞன் ஒருவனின் இயல்பாகவே தோன்றும். மேடைத்தன்மையைப் பாத்திரத்தின் குணமாக்கிக் கொண்ட நுட்பம் அது.

பிற்பகுதியில் அந்தப் பேச்சு அறுந்துவிடுகிறது. மனைவி அபர்ணா மகப்பேற்றில் இறந்த செய்தியை அவள் தம்பி கொணர்கிறான். அபு ஒரு சொல்லும் பேசவில்லை; செய்தி சொன்னவன் கன்னத்தில் அறைகிறான். அதன்பின் நெடுநேரம் கட்டிலும் கண்ணாடியும் சுவருமே காட்சி. எழுதி முடித்த நாவலின் தாள்களை மலைச்சரிவிற் பறக்கவிடுகையிலும் அவன் வாய் திறப்பதில்லை. முற்பகுதியில் நாம் கேட்ட அந்தக் குரலின் நினைவு இருப்பதனாலன்றோ இந்த மௌனம் நம்மை வருத்துகிறது? முன்னர்ப் பேசாதவன் பின்னர்ப் பேசாதிருப்பதில் என்ன துயரம்? இறுதியில் மகன் காஜலிடம் அபு பேசும் சில சொற்கள் தயங்கித் தயங்கி வருகின்றன. பேச்சை இழந்தவன் மீண்டும் பேசக் கற்கிறான். 24 வயது நடிகர் ஒருவர் தம் முதற் படத்தில் ஒரு குரலின் ஏற்றத்தையும் அழிவையும் மீட்சியையும் இவ்வாறு காட்டினார்.

1964இல் வந்த ‘சாருலதா’வில் அமல் வேறு வகையான பேச்சாளன். புயலோடு வந்து வீட்டில் நுழைபவன். சொல் அவனுக்கு விளையாட்டுப் பொருள். திருமணப் பேச்சு எழும்போது அவனும் சாருவும் ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை அடுக்கிக்கொண்டே போகும் காட்சி ஒன்றுண்டு. பர்த்வான், பாரிஸ்டர், பங்கிம் என்று மோனை தொடர்கிறது. மேலே மோனை, அடியிலே ஒரு பெண்ணின் அச்சம். அமல் அதனை உணராதவன் போலத் தொடங்கி, உணர்ந்துவிட்டவனாக முடிப்பதைச் சௌமித்ர முகத்தாற் காட்டுவதைக் காட்டிலும் குரலாலேயே காட்டுகிறார். விளையாட்டின் வேகம் சற்றே குறைகிறது, அவ்வளவே. இப் படத்திற்காகத் தாகூர் காலத்துக்கு முற்பட்ட வங்கக் கையெழுத்தை அவர் பயின்றார் என்பது தெரிந்த செய்தி. எழுதும் கை அக் காலத்தினதாக இருந்தால்தான் பேசும் வாயும் அக் காலத்தினதாகும் என்று நம்பிய இயக்குநருக்கு ஏற்ற நடிகர்.

அமல் பாடும் தாகூர் பாடலுக்குக் குரல் கொடுத்தவர் கிஷோர் குமார். பின்னணிக் குரல் நமக்குப் புதிதன்று. பேச்சில் ஒருவரும் பாட்டில் மற்றொருவருமாக ஒரே பாத்திரம் இரண்டாகப் பிளவுபடுவதைத் தமிழ்ப் படங்களில் ஏராளமாகக் கண்டிருக்கிறோம். ‘சாருலதா’வில் அப் பிளவு புலப்படுவதில்லை. அமலின் பேச்சிலேயே பாட்டுக்கு முந்தைய ஒரு துள்ளல் இருப்பதால், பாட்டு அதன் தொடர்ச்சியாகிவிடுகிறது.

சொல்லே கதைப்பொருளாகும்போது

ரேயும் பிறரும் சௌமித்ரவுக்கு அளித்த பிற்காலப் பாத்திரங்களை ஒருசேர வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். பேசுதல், பேச மறுத்தல், பேச விடாது தடுக்கப்படுதல் ஆகியவையே அப் பாத்திரங்கள் பலவற்றின் கதைப்பொருள்.

1980இல் வந்த ‘ஹீரக் ராஜார் தேஷே’ சிறுவர்க்கான படம் என்று பெயர். உண்மையில் சர்வாதிகாரத்தைப் பற்றிய படம். அதில் அரசனும் அமைச்சரும் மற்றவரும் எதுகை இயைபோடு பேசுகின்றனர். சௌமித்ர நடித்த உதயன் பண்டிதர் என்னும் பள்ளியாசிரியர் ஒருவர் மட்டும் உரைநடையிற் பேசுகிறார். எல்லாரும் தாளத்திற்குத் தலையாட்டும் நாட்டில் தாளத்தில் விழாத ஒரே குரல் சிந்திக்கும் குரல் என்பது ரேயின் குறிப்பு. இத்தகைய வேடத்தில் பிற நடிகர் ஆவேசம் காட்டியிருப்பர். சௌமித்ர அதனை வகுப்பறைக் குரலிலேயே பேசினார். அடக்கிப் பேசியதனால் அதிகாரம் நடுங்குகிறது.

1984இல் ‘கரே பைரே’. தாகூரின் நாவல். சௌமித்ரவின் சந்தீப் இங்கே மேடைப் பேச்சாளன். சுதேசி இயக்கத்தின் பெயரால் மக்களையும் நண்பன் மனைவி பிமலாவையும் ஒருசேர மயக்குபவன். உதயன் பண்டிதர் பேசிய அதே தொண்டை இங்கே பொய் பேசுகிறது. ஆனால் பொய்யென்று காட்டிக்கொள்ளாத பொய். நல்ல குரலே தீமைக்கு எவ்வளவு வசதியான கருவி என்பதை, குரலால் வாழ்ந்த கலைஞர் ஒருவரே ஒப்புக்கொண்டு காட்டியது போல் அமைந்தது அப் பாத்திரம். மேடைப் பேச்சால் வளர்ந்த அரசியலை அறிந்த தமிழர் அப் படத்தைப் பார்க்கையில் சற்றே நெளியாமல் இருக்க இயலாது.

1986இல் தபன் சின்ஹா இயக்கிய ‘ஆதங்க்’. முதிய ஆசிரியர் ஒருவர் கொலையொன்றைக் கண்ணாற் காண்கிறார். கொன்றவன் அவரிடம் படித்தவன். ஐயா எதையும் பார்க்கவில்லை என்று அவன் மரியாதையோடு மிரட்டிவிட்டுப் போகிறான். அதன்பின் அந்த ஆசிரியரின் வாழ்வு முழுதும் ஒரு சாட்சிச் சொல்லைச் சொல்வதா, விழுங்குவதா என்ற போராட்டமே. மூன்றாண்டு கழித்து, இப்சனின் நாடகத்தைத் தழுவி ரே எடுத்த ‘கணசத்ரு’வில், கோயில் தீர்த்தத்தில் நோய்க்கிருமி கலந்திருப்பதைக் கண்டறிந்த மருத்துவர். உண்மையைச் சொல்ல அவருக்குப் பத்திரிகையும் மேடையும் மறுக்கப்படுகின்றன. 1983இல் இதயநோயால் தாக்குண்ட ரே, பெரிதும் உள்ளரங்கிலேயே எடுத்த படம் அது. நாடகம் போல் இருக்கிறது என்ற குறை அதன்மேல் சொல்லப்படுகிறது. அக் குறையில் உண்மை உண்டு. நான்கு சுவருக்குள் நின்றுபோன அப் படத்தைத் தாங்கிப் பிடிப்பது பெரிதும் சௌமித்ரவின் பேச்சே.

இவற்றுக்கெல்லாம் மணிமகுடம் 1990இன் ‘ஷாகா புரஷாகா’. நான்கு மக்களுள் மூளை பாதிக்கப்பட்ட பிரசாந்தாகச் சௌமித்ர நடித்தார். மேலை இசையைக் கேட்டபடி அறையில் அடைந்து கிடப்பவன். பேச்சு மிகச் சில. உணவு மேசையில் உடன்பிறந்தார் நேர்மையைப் பற்றியும் கறுப்புப் பணத்தைப் பற்றியும் வாதிட, அவன் மேசையைக் கையால் மீண்டும் மீண்டும் அறைகிறான். குடும்பத்தில் நேர்மையாக எஞ்சியிருப்பவன் சொல் இழந்தவன் ஒருவனே. தம் நடிகருள் மிகச் சிறந்த குரலுடையவரிடமிருந்து குரலைப் பறித்துவிட்டு நடிக்கச் சொன்னார் ரே. முப்பதாண்டு நட்பில் ஓர் இயக்குநர் தம் நடிகருக்கு அளிக்கத்தக்க மிகப் பெரிய பாராட்டு அது.

மேடைக்குத் திரும்பியவர்

புகழ் பெற்ற திரை நடிகர் மேடையை மறப்பதே உலக வழக்கம். மறவாதவரும் விழாக் காலத்தில் தலைகாட்டுவதோடு நிற்பர். சௌமித்ர அவ்வாறு நிற்கவில்லை. 1978இல் ‘நாம்ஜீபன்’ தொடங்கி, ‘ராஜ்குமார்’, ‘பேரா’, ‘நீல்கண்ட’ என நாடகங்களை எழுதியும் தழுவியும் இயக்கியும் நடித்தும் வந்தார். வங்க நாடக உலகில் அக் காலத்தில் இரண்டு முகாம்கள் இருந்தன. கொள்கைப் பிடிப்பும் கலைநுட்பமும் உடைய குழு நாடகம் ஒருபுறம். வடகல்கத்தாவின் தொழில்முறைக் கொட்டகைகள் மறுபுறம். முன்னதில் தரம் இருந்தது, பணம் இல்லை. பின்னதில் பணம் இருந்தது, தரம் சரிந்துகொண்டிருந்தது. சௌமித்ர வேண்டுமென்றே தொழில்முறை மேடைக்குச் சென்றார். சீட்டு வாங்கி வரும் பொதுமக்களுக்கே நல்ல நாடகத்தைத் தர இயலும் என்பது அவர் துணிவு. அது பாதுரியின் துணிவின் தொடர்ச்சி.

1995இல் ‘டிக்டிகி’. ஆந்தனி ஷாஃபரின் ‘ஸ்லூத்’ என்னும் ஆங்கில நாடகத்தின் தழுவல். வங்கத்தில் ‘டிக்டிகி’ என்றால் பல்லி. கொச்சை வழக்கில் துப்பறிவாளன் என்றும் பொருள். கூட்டமோ பாட்டோ இல்லாமல், ஏமாற்றுபவரும் ஏமாறுபவரும் மாறி மாறி இடம் மாற்றிக்கொள்ளும் நாடகம். அவருடன் மேடையில் மோதிய இளையவர் கௌசிக் சென். இரண்டு குரல்களின் வாட்போரே காட்சி. ‘சோனார் கேல்லா’ (1974), ‘ஜொய் பாபா பேலுநாத்’ (1979) ஆகிய படங்களில் ஃபெலுடா என்னும் துப்பறிவாளராக வந்து வங்கச் சிறுவர் நெஞ்சில் குடிகொண்டவர், மேடையில் அத் துப்பறியும் விளையாட்டின் கொடிய மறுபக்கத்தைக் காட்டினார்.

2010இல், 75 வயதில், சுமன் முகோபாத்யாய இயக்கத்தில் மினர்வா அரங்கில் ‘ராஜா லியர்’ ஆனார். ஷேக்ஸ்பியரின் வேடங்களுள் லியரைப் பற்றி ஒரு முரண் உண்டு: அதனைப் புரிந்துகொள்ளும் வயது வரும்போது தாங்கும் வலிமை போய்விடும். புயற்காட்சியில் இடியை மீறிப் பேசவேண்டும். இறுதியில் மகளின் பிணத்தருகே மூச்சளவிற் பேசவேண்டும். முன்னது மேடைக் குரல்; பின்னது ஒலிவாங்கிக் குரல். தம் வாழ்நாள் முழுதும் அவ் இரண்டையும் பயின்றவருக்கு, அவ் இரண்டையும் ஒரே மாலையிற் கேட்கும் வேடம் முதுமையில் வாய்த்தது பொருத்தமே.

கவிதை சொன்ன குரல்

வங்கத்தில் ‘ஆவ்ருத்தி’ என்றொரு கலை உண்டு. பிறர் எழுதிய கவிதையை மனனம் செய்து, பண்ணின்றி, அவையிற் சொல்லும் கலை அது. அதற்குப் பயிற்சிப் பள்ளிகள் உண்டு, இசைத்தட்டுகள் உண்டு, சீட்டு வாங்கிக் கேட்க வருவோர் உண்டு. இக் கலையில் சௌமித்ர தலைசிறந்தோருள் ஒருவர். தாகூரையும் ஜீவனானந்த தாசையும் அவர் குரலிற் கேட்ட பின்னரே அச்சிற் படித்த வங்கக் குடும்பங்கள் பல.

அவரே கவிஞர். பல தொகுதிகள் வெளியிட்டவர். நிர்மால்ய ஆசார்யாவுடன் சேர்ந்து 1961 முதல் ‘ஏக்ஷன்’ என்னும் சிற்றிதழை நடத்தியவர். ரேயின் திரைக்கதைகள் அதில் வெளிவந்தன. கவிதை எழுதுபவர் கவிதை சொல்லும்போது ஒரு நன்மை உண்டு: வரி எங்கே முறிகிறது, ஏன் முறிகிறது என்பது அவருக்குத் தெரியும். ஆவ்ருத்தி கலைஞர் பலர் கவிதையை நடித்துக் காட்டிவிடுவர். துயர வரி வந்தால் குரல் நடுங்கும். வீர வரி வந்தால் கை உயரும். சௌமித்ர அவ்வாறு செய்வதில்லை. வரியை அதன் எடையளவுக்கே சொல்லி, மீதியைக் கேட்பவரிடம் விட்டுவிடுவார். மேடையில் பெற்ற உச்சரிப்புத் தெளிவும், வானொலியில் பெற்ற அடக்கமும், திரையில் பெற்ற மௌனமும் ஒன்று சேர்ந்த இடம் இதுவே. அவருடைய மூன்று துறைகளுக்கும் நடுவில் நிற்பது எது என்று கேட்டால், படமும் அன்று, நாடகமும் அன்று, இக் கவிதைக் குரலே என்பேன்.

குறையும் கூறவேண்டும்

புகழ்ச்சி மட்டும் திறனாய்வாகாது. இருநூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர் சௌமித்ர. அவற்றுட் பெரும்பாலானவை காலத்தின் முன் நில்லா. கண்ணீர்க் குடும்பக் கதைகளில் நல்ல தந்தையாகவும் அறிவுரை கூறும் முதியவராகவும் வந்து போயிருக்கிறார். அத்தகைய படங்களில் அந்தக் குரல் பழக்கத்தால் இயங்குகிறது. எந்த வரிக்கும் ஒரே கம்பீரம். எந்த அறிவுரைக்கும் ஒரே இடைநிறுத்தம். அளவறிந்தவர் அளவை மறந்த இடங்கள் அவை. அவர் ஒப்புக்கொள்ளாமல் விட்டிருக்க வேண்டிய படங்கள் பல என்பதை அவர்பால் அன்புடையோரும் மறுத்தல் இயலாது.

ஆயினும் இரண்டு செய்திகளை எண்ணிப் பார்த்தல் நீதி. முதலாவது, அவர் வங்க மொழியை விட்டு வெளியே பெரும்பாலும் செல்லவில்லை. ஹிந்தித் திரையின் பெருஞ்செல்வம் அவர் காலத்து வங்கக் கலைஞர் பலரை ஈர்த்தது. தாம் கனவு காணும் மொழியிலேயே நடிப்பேன் என்பவன், அம் மொழியின் சிறிய சந்தையில் கிடைப்பதைக் கொண்டே வாழவேண்டும். நாடகமும் இதழும் நடத்த அப் படங்களின் ஊதியமே சோறு போட்டது எனலாம். இரண்டாவது, அந்தப் பெருங்கூட்டத்தின் நடுவிலும் மணிகள் உண்டு. தபன் சின்ஹாவின் ‘ஜிந்தேர் பந்தி’ (1961) படத்தில் உத்தம் குமாரை எதிர்த்து நின்ற குதிரைவீர வில்லன். ‘கோனி’ (1984) படத்தில் சேரிச் சிறுமியை நீச்சல் வீராங்கனையாக்கும் பயிற்சியாளர். ‘மயூராக்ஷி’ (2017) படத்தில் நினைவு தேய்ந்துபோகும் பேராசிரியர். குறிப்பாகக் கடைசியதில், சொற்களை ஒவ்வொன்றாக இழந்துவரும் அறிஞர் ஒருவரை 82 வயதில் அவர் நடித்துக் காட்டியது, அபுவின் மௌனத்திற்கு 58 ஆண்டு கழித்து எழுதிய பின்னுரை போன்றது.

விருதுகளின்பால் அவர் நடந்துகொண்ட முறையும் குறிப்பிடத்தக்கது. 1970களில் பத்மஸ்ரீ விருதை ஏற்க மறுத்தார். அதற்கு முன் பாதுரியும் தம் இறுதி ஆண்டில் பத்மபூஷண் விருதை மறுத்தவர். 2001இல் தேசியத் திரைப்பட விருதுகளில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசையும் சௌமித்ர ஏற்கவில்லை. பின்னர் 2004இல் பத்மபூஷணை ஏற்றார். ‘பதக்ஷேப்’ படத்திற்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதும், 2011ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதும் பெற்றார். அபுவுக்கும் அமலுக்கும் கிடைக்காத தேசிய நடிகர் விருது எழுபதாம் வயதைக் கடந்தபின் வந்தது. அதில் நாணவேண்டியவர் அவரல்லர்.

நமக்கு என்ன?

வங்க நடிகர் ஒருவரைப் பற்றித் தமிழ்ச் சங்க மலரில் இவ்வளவு எழுதுவானேன் என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். காரணம் உண்டு.

தமிழ்த் திரையும் மேடையின் மகவே. பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்களே நம் பெருநடிகர்கள். 1952இல் ‘பராசக்தி’யில் சிவாஜி கணேசனின் குரல் எழுந்தபோது ஒரு தலைமுறையே வசனத்தை மனனம் செய்தது. பின்னர்க் காற்றுத் திசைமாறிற்று. வசனம் பழமை, முணுமுணுப்பே இயல்பு என்ற கருத்து வளர்ந்தது. இன்று நாம் முழக்கத்துக்கும் முணுமுணுப்புக்கும் இடையில் மூன்றாவது வழி இருப்பதையே மறந்தோம். சௌமித்ரவின் வாழ்வு அம் மூன்றாம் வழிக்குச் சான்று. இயல்பான நடிப்புக்குச் சொற்பயிற்சி பகையன்று. ஒலியை அடக்கத் தெரிந்தவனுக்கு முதலில் அதனை எழுப்பத் தெரிந்திருக்க வேண்டும். எழுப்பவே அறியாதவன் தாழ்ந்த குரலிற் பேசினால் அஃது அடக்கமாகாது, வறுமையே.

மற்றொரு காரணம் நம் சங்கங்களைப் பற்றியது. நாமும் கவியரங்கங்கள் நடத்துகிறோம். கவிஞர் தம் கவிதையைத் தாமே படிக்கிறார், கைதட்டலுக்கு இடம் விட்டு ஓர் அடியை இருமுறை சொல்கிறார், கலைகிறோம். கம்பனையோ பாரதியையோ பாரதிதாசனையோ பயின்று, மனத்தில் ஏற்றி, நடிப்பும் முழக்கமும் இன்றி அவையில் சொல்லும் ஒரு மாலையை நாம் எத்தனை முறை நடத்தினோம்? தமிழகத்துக்கு வெளியே வளரும் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்துப் படிக்க வராது. வீட்டில் கேட்டுப் பழகிய காது மட்டும் அவர்களுக்குத் தமிழுக்குத் திறந்திருக்கிறது. எழுத்தின் வழியே நம் இலக்கியத்தை அவர்களிடம் சேர்க்க இயலவில்லை என்று வருந்தும் நாம், அந்தத் திறந்த வாயிலின் வழியே சேர்க்க முயன்றோமா? வங்கப் பிள்ளை படிக்கக் கற்குமுன் தாகூரைக் கேட்கிறது. நம் பிள்ளை பாரதியைக் கேட்பதற்குத் திரைப்பாட்டு ஒன்றே வழியாக இருக்கிறது.

சௌமித்ரவின் உடலைக் கேவராதலா சுடுகாட்டுக்கு எடுத்துச் சென்ற அன்று, தொற்றுநோய் அச்சத்தையும் பொருட்படுத்தாது வழியெங்கும் மக்கள் தாகூரின் பாடல்களைப் பாடிச் சென்றனர். தம் மொழியின் மிகச் சிறந்த சொற்களைத் தங்கள் காதில் ஏற்றி வைத்த ஒருவருக்கு, அச் சொற்களையே அவர்கள் திருப்பித் தந்தனர். ஒரு கலைஞனுக்கு அதனினும் பெரிய விருதில்லை. அத்தகைய விருதை வழங்கத்தக்க காதுகளை வளர்ப்பது நம் சங்கங்களின் கையிற் கிடக்கும் வேலை.